வில் 3

முதலில் பெயின்ற் இல்லை.
இவருக்கு இதை மூன்று தரம் சொல்லியாயிற்று.
வெந்தய மஞ்சளா பாசிப் பச்சையா என்று
நிற அட்டையோடு நிற்கிறார்.
கறளுக்கு மேல் பூசிய நிறம்
ஒரு மாரி தாங்காது.

சீட்டு விழுந்த காசில் சங்கானையில் வாங்கிய
மொறிஸ் மைனர்.
விற்றவருக்கு அதன் வயது தெரியாது.
என்னைவிட மூப்பு, எனக்கு அது போதும்.
நாவாந்துறையில் எங்கள் மதிலுக்கு அப்பால் கடல்.
காற்று உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்,
கேட்காமலே,
வட்டிக்குக் கொடுப்பவன் மாதிரி.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத்
தையல் நூலில் கட்டித்
தகடு தகடாய்ப் பார்க்கிறேன்.
இரும்பு இருக்கும் இடத்தில் டக் என்று ஒட்டும்.
பட்டி பூசிய இடத்தில்
ஒன்றும் பேசாமல் விழும்.
இடது முன் மட்காட்டில் எட்டுத் தரம் விழுந்தது.
விரல் தடிப்புக்குப் பட்டி.
வெளியே பார்த்தால்
சவரம் செய்த மாப்பிள்ளையின் கன்னம்.

கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்:
மட்காட் இரண்டு, பொனட் விளிம்பு,
டிக்கியில் தண்ணீர் தங்கும் மூலை,
ஓட்டுநர் பக்கத் தரை முழுதும் மாற்ற வேண்டும்.
பக்கத்தில் காசுக்கு ஒரு கட்டம். வெறுமை.
ஐப்பசி பிறக்க ஐம்பத்தொரு நாள்.

டிங்கர் அருமைநாயகம்
ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சேட்டோடு வந்தார்.
"இண்டைக்குத் தொடமாட்டன். பார்வை மட்டும்."
பத்து நிமிசத்தில் சேட் வேலியில் கிடந்தது,
அவர் காருக்குக் கீழே.

கதவடிப் பெட்டியில் ஸ்குறூ ட்றைவர்
வாழைத்தண்டுக்குள் போவதுபோல் போனது.
"இதுக்குச் செசி தனிய இல்லைத் தங்கச்சி,
கூடுதான் முதுகெலும்பு.
எடுத்த எடுப்பில இதை வெட்டினா
பிறகு ஒரு கதவும் பூட்டாது.
முதல் உள்ளுக்குக் குறுக்குக் கம்பி.
பிறகு வெட்டு.
ஒரு பக்கம் முடிச்சுத்தான் மற்றப் பக்கம்."
எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"ரோச் லைற்றைத் தா."
தார் சுரண்டிய இடத்தில் வெள்ளை.
வெள்ளையின் மேல் கறுப்பு,
தலைகீழாய்.
நானும் மண்ணில் படுத்துக் கழுத்தைத் திருப்பி வாசித்தேன்:
வில் 3.

அவர் கொக்குவில் என்றார்.
மைல் காலத்துப் பலகை, கொண்டாவில் என்றேன்.
நிற அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்த இவர்
சுன்னாகப் பக்கத்திலிருந்து வந்தால்
இணுவிலாயும் இருக்கலாம் என்றார்.
மூன்று பேரும் காருக்குக் கீழே கிடந்து
கே.கே.எஸ். வீதியை
மேலும் கீழுமாய் அளந்தோம்.

எந்தச் சந்தியில் கழற்றினார்கள்?
ஒரு முழத் தகடுகூட வாங்கமுடியாத
எந்த மாதத்தில்?
அன்றைக்குப் பலகை இல்லாத கம்பத்தடியில்
யார் யாரெல்லாம் வழி கேட்டு நின்றிருப்பார்கள்?
ஒட்டு பித்தளை. கரண்ட் இல்லாத காலத்து ஒட்டு.
அருமைநாயகம் அதன் நீளத்துக்குப்
பெருவிரலை ஓட்டினார்.
"நல்ல கை" என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சுற்றிவரக் கொம்பனியின் சொந்தத் தகடு
அப்பளமாய் உதிர்கிறது.
களவுத் தகட்டில் ஒரு பொட்டுக் கறள் இல்லை.
காந்தத்தைக் காட்டினேன்,
டக்.

கொப்பியில்
முழுதும் என்ற சொல்லை மட்டும் வெட்டினேன்.
நாலு பக்கமும் அறுத்துப் புதுத்தகடு,
நடுவில் அது அப்படியே.
இனி நான் கிளச்சை மிதிக்கும்போதெல்லாம்
குதிக்காலுக்குக் கீழே
ஏதோ ஓர் ஊர் மூன்று தொலைவில் இருக்கும்.

"அப்ப நிறம்?" என்றார் இவர்.
நிறம் மாரிக்குப் பிறகு.

சேட்டை உதறிப் போட்டுக்கொண்டு
படலைவரை போன அருமைநாயகம்
திரும்பி நின்று சொன்னார்,
"கொக்குவில்தான்."